குடவோலையும் கணிப்பொறிக் காவலும்

முன்னுரை

பொருளைத் தேடுதல் அரிது. தேடிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. காவல் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று வினவினால், சிக்கல் மிகுந்ததே வலிமை மிகுந்தது என்று பலரும் விடை பகர்வர். அக்கருத்துப் பொருந்தாது என்பதனையும், எளிமையே காவலின் வலிமைக்கு அடிப்படை என்பதனையும் தமிழ் மரபிலிருந்தும் இன்றைய மென்பொருள் இயலிலிருந்தும் சான்று காட்டி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்க இலக்கியச் சான்று

அகநானூற்றின் 77ஆம் பாடல் மருதன் இளநாகனார் பாடியது. போர்க்களத்தில் வீழ்ந்த மறவரின் குடரை எருவைப் பறவை பற்றி இழுக்கும் கொடுங்காட்சிக்குப் புலவர் ஓர் உவமை கூறுகிறார். கயிற்றால் பிணித்த குடத்தின் மேலுள்ள முத்திரையை முதலில் பார்த்து, பின்னர் அதனை அழித்து, உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுப்போரின் செயலே அவ்வுவமை.

ஈண்டு நாம் கருதத் தக்கது அச்செயலின் வரிசைமுறை. பார்த்தல் முன், அழித்தல் பின். முத்திரை எவரையும் தடுத்து நிறுத்தும் ஆற்றல் உடையதன்று; ஒரு சிறுவனும் அதனை உடைத்துவிடலாம். ஆனால், உடைத்ததனை மறைத்தல் எளிதன்று. குடத்தைக் கண்ணால் காணும் எவரும் அதன் நிலையை அறிவர். காவலின் பயன் அங்கேதான் அமைந்துள்ளது.

உத்திரமேரூர் காட்டும் நெறி

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாக வாயோலை பூட்டிக் கட்டி, குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் கூடிய சபையில், நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தை அனைவரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். ஏதுமறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுத்தான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்த பின், அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் அதனை ஏந்திப் படித்தல் வேண்டும். அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனையே படித்தல் வேண்டும்.

விரிந்த கையில் வேறோர் ஓலையை ஒளிக்க இயலாது. பலர் படித்த பெயரை ஒருவர் மாற்றி உரைக்க இயலாது. இம்முறை சொத்துடைய அந்தணர் சபைக்கே உரியதாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. எனினும், காவல் முறை என்னும் அளவில் அது காட்டும் நெறி தெளிவானது. அதன் ஒவ்வொரு படியையும் எழுத்தறியாதவரும் பார்த்துச் சரிபிழை சொல்லலாம்.

மென்பொருள் இயலில் இந்நெறி

1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கணிப்பொறிக் காவலுக்குரிய எட்டு நெறிகளைத் தொகுத்தளித்தனர். அவற்றுள் முதலாவது அமைப்பின் சிக்கனம். காவலமைப்பு இயன்றவரை சிறியதாகவும் எளியதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள். அதற்கு அவர்கள் கூறும் காரணம் ஆழமானது. கணக்கிடும் மென்பொருளில் பிழையிருந்தால் விடை தவறும். பிழை தானே வெளிப்படும். காவலில் உள்ள பிழையோ அன்றாடப் பயன்பாட்டில் வெளிப்படாது. பூட்டு நாள்தோறும் பூட்டும், திறக்கும். அதன் குறையைத் திருடன் ஒருவனே கண்டறிவான். ஆதலின், வரி வரியாகப் படித்தே அதனைச் சோதித்தல் வேண்டும். படித்து முடிக்கத் தக்க அளவினதாக இருந்தாலன்றி அச்சோதனை கைகூடாது.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் குறை இதற்குத் தக்க சான்று. இணையத் தகவலை மறைகுறியாக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' மென்பொருளில், இணைப்பு உயிரோடு உள்ளதா என்று வினவும் ஒரு கூடுதல் வசதி சேர்க்கப்பட்டிருந்தது. ஒருபடி நெல்லைக் கொடுத்துவிட்டுப் பத்துப்படி கொடுத்தேன், திருப்பித் தருக என்று ஒருவன் கேட்க, அளந்து பாராமலே பிறர் நெல்லையும் சேர்த்து அள்ளிக் கொடுத்த பண்டகசாலைக் காவலனைப் போல அவ்வசதி நடந்துகொண்டது. மூலநிரல் எவரும் படிக்கத் திறந்தே கிடந்தும் ஈராண்டுக் காலம் குறை புலப்படவில்லை. திறந்து வைத்தல் மட்டும் போதாது. காண்போர் கண்ணுக்கு அடங்குவதாகவும் இருத்தல் வேண்டும்.

2021 டிசம்பரில் 'லாக்ஃபோர்ஜே' என்னும் மென்பொருளில் வெளிப்பட்ட குறையும் இத்தகையதே. நிகழ்ந்தவற்றைப் பதிவேட்டில் எழுதுவதே அதன் பணி. அதுவோ, எழுதக் கொடுத்த சொற்களுக்குள் கட்டளை இருப்பின் அதனை நிறைவேற்றவும் முனைந்தது. கணக்கு எழுதுமாறு அமர்த்திய கணக்குப்பிள்ளை, சீட்டில் கண்டதையெல்லாம் ஆணையென ஏற்றுப் பெட்டகத்தைத் திறந்துவிட்ட கதை இது.

எளிமை என்றால் காவலைத் தளர்த்துதல் என்று பொருளன்று. மறைகுறியாக்கக் கணிதம் கடினமானதே. தவிர்க்கவியலாத அக்கடினத்தை ஒரு சிறு இடத்தில் அடக்கி, எஞ்சியவற்றைத் தெளிவாக வைத்தலே எளிமை.

மக்கள் கையாளும் காவல்

அவ்விருவரும் கூறிய இறுதி நெறி, காவல் மக்கள் இயல்பிற்கு இசைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் வேண்டும், அதனை அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்று நெடுங்காலம் விதித்து வந்தனர். மக்கள் அதனை நினைவிற்கொள்ள இயலாமல் தாளில் எழுதி ஒட்டினர். 2017இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் அவ்விதிகளைக் கைவிட்டு, நீளமான, நினைவிற்கு எளிய கடவுச்சொல்லே நன்று என்று அறிவுறுத்தியது.

இது தொலைதூரத்துச் செய்தியன்று. வாலிநோக்கம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் மீன் விற்ற பணமும், உப்பளக் கூலியும், வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் இன்று வங்கிக் கணக்கிலும் கைப்பேசியிலும் அடங்கியுள்ளன. பத்து அறிவுரைகளை அடுக்கினால் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒன்றையும் கொள்ளார். 'பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. எண்ணைக் கேட்பவர் நம்மிடமிருந்து எடுக்கவே கேட்கிறார்' என்னும் ஒரே விதியைக் கற்பித்தால் அவர்கள் பெரும்பாலான ஏமாற்றுகளிலிருந்து தப்புவர்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், தவணைக் கடனைப் பற்றியது. எழுதி வைத்தல், சாட்சி வைத்தல் என்னும் இரண்டினையே அது காவலாகக் கூறுகிறது. ஏழையும் செல்வரும் ஒருங்கே கடைப்பிடிக்கத் தக்கவை அவை.

தேர்தல் காட்டும் படிப்பினை

1982இல் கேரளத்துப் பறவூரில் வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதல் பயன்பட்டது. அதன் உள்ளமைப்பைப் பொதுமக்கள் காண இயலாது. ஆதலின், வாக்காளர் தம் வாக்கைத் தாளில் காணுதல் வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. தாள் சான்று இன்றியமையாதது என 2013இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. இன்று அத்தாள் ஏழு நொடி கண்ணுக்குத் தெரிந்த பின்னரே பெட்டியில் விழுகிறது. இயந்திரத்தின் மீது ஒட்டும் தாள் முத்திரையில் முகவர்கள் கையொப்பமிடுகின்றனர். இளநாகனார் கண்ட பொறி இன்னும் மறையவில்லை.

முடிவுரை

காவலை நம்பி வாழ்வோரே அதனைச் சோதித்தறிய இயலுதல் வேண்டும். அது இயலாதவிடத்து, அவர்கள் நம்புவது காவலை அன்று, காவலை அமைத்தவரையே. நாளை மென்பொருள் எழுதப் புகும் நம் மாணவச் செல்வங்கள் ஒவ்வொரு வசதியைச் சேர்க்கும்போதும், இதனைப் பிறர் படித்துச் சோதிக்க இயலுமா என வினவிக்கொள்வார்களாக. இயலாது எனில், அவ்வசதியை நீக்குதலே அறிவுடைமை.