கிழிந்த வஸ்திரமும் கிழிந்த புஸ்தகமும்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 22, 23, எரேமியா 36

எருசலேம் நகரில் ஏறத்தாழ 18 ஆண்டு இடைவெளியில் இரண்டு அரசர்களுக்கு முன்பாக தேவனுடைய வார்த்தை வாசிக்கப்பட்டது. முதலாமவன் தகப்பன், இரண்டாமவன் அவனுடைய மகன். வாசிக்கக் கேட்ட தகப்பன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். வாசிக்கக் கேட்ட மகனோ, வாசிக்கப்பட்ட புஸ்தகத்தையே அறுத்து நெருப்பில் எறிந்தான். இவ்விரு செயல்களையும் குறிக்க எபிரெய மூலத்தில் ஒரே வினைச்சொல் வருகிறது. வசனம் ஒரு மனிதனிடத்தில் வரும்போது ஏதோ ஒன்று கிழிந்தே தீரும். ஒன்று, கேட்கிறவனுடைய இருதயம் கிழியும். அல்லது புஸ்தகம் கிழியும்.

வேதாகமம் சத்தியம் என்று வாயினால் அறிக்கையிடுவது கடினமானதல்ல. அதைச் சத்தியமென்று நம்புகிறவன் யார் என்பதை இந்தத் தகப்பனும் மகனும் காட்டுகின்றனர்.

1. ஆலயத்துக்குள்ளே தொலைந்த புஸ்தகம்

யோசியா எட்டு வயதில் அரியணை ஏறினான். அவனுடைய பாட்டனாகிய மனாசே 55 ஆண்டுகள் அரசாண்டு, கர்த்தருடைய ஆலயத்துக்குள்ளேயே அந்நிய பலிபீடங்களைக் கட்டினவன். தகப்பனாகிய ஆமோன் இரண்டே ஆண்டுகள் ஆண்டு, தன் ஊழியக்காரராலேயே கொலையுண்டவன். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த சிறுவன் தன் 16ஆம் வயதில் தாவீதின் தேவனைத் தேடத் தொடங்கினான், 20ஆம் வயதில் தேசத்திலிருந்து விக்கிரகங்களை அகற்றத் தொடங்கினான் (2 நாளா. 34:3).

அவனுடைய 26ஆம் வயதில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. அப்போது பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுத்தான். அது உபாகமம், அல்லது அதன் முக்கியமான பகுதி என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். புஸ்தகம் தொலைந்துபோன இடம் சந்தையோ போர்க்களமோ அல்ல, தேவனுடைய ஆலயம்! பலி செலுத்தும் இடத்தில், ஆசாரியர் நடமாடும் இடத்தில், வேதம் இல்லாமலே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. வேதம் இல்லாததை ஒருவரும் குறைவாக எண்ணியதாகவும் தெரியவில்லை.

இன்றைய கிறிஸ்தவ இல்லங்களில் வேதாகமம் தொலைவதும் இவ்விதமே. அது அலமாரியில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கும், கைப்பேசியிலும் இருக்கும். ஆனால் வீட்டின் தீர்மானங்கள் எடுக்கப்படும் நேரத்தில் அது பேசுவதில்லை. மகனுக்குப் பெண் பார்க்கும்போதும், வரதட்சணை பேசும்போதும், சகோதரருக்குள் சொத்துப் பிரிக்கும்போதும் புஸ்தகம் மூடியே கிடக்கிறது.

2. கணக்குக்குப் பின்பு வந்த வார்த்தை

சம்பிரதியாகிய சாப்பான் ராஜாவினிடத்தில் வந்தபோது முதலாவது பணக்கணக்கைச் சொன்னான். வேலை செய்விக்கிறவர்கள் கையில் பணம் கொடுத்தாயிற்று என்று அறிவித்த பின்னரே, ஆசாரியன் தன்னிடம் ஒரு புஸ்தகம் கொடுத்ததாகச் சொல்லி வாசித்தான் (2 இரா. 22:9, 10). கணக்கைக் கேட்டபோது அசையாதிருந்த ராஜா, வசனத்தைக் கேட்டபோது வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான்.

யோசியா கெட்ட ராஜா அல்ல என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பத்து ஆண்டுகளாகத் தேவனைத் தேடினவன், விக்கிரகங்களைத் தகர்த்தவன், ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கினவன். ‘நான் செய்தது போதாதா?’ என்று அவன் கேட்டிருக்கலாம். ‘இது முன்னோர் செய்த பாவம்; எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று ஒதுங்கியிருக்கலாம். அவனோ தன் நற்செயல்களை வசனத்துக்கு எதிரே கேடயமாகப் பிடிக்கவில்லை. வாசிக்கப்பட்டது சத்தியமானால், தானும் தன் ஜனங்களும் குற்றவாளிகள் என்று ஒப்புக்கொண்டான். வேதத்தைச் சத்தியமென்று நம்புவதன் முதல் அடையாளம் இதுவே. நம்புகிறவன் வேதத்தை நியாயந்தீர்க்க உட்காருவதில்லை. வேதம் தன்னை நியாயந்தீர்க்கும்படி அதன் முன் நிற்கிறான்.

3. பலனை எதிர்பாராத கீழ்ப்படிதல்

யோசியா தன் மனிதரைத் தீர்க்கதரிசியான உல்தாளிடம் அனுப்பினான். அவள் கொடுத்த மறுஉத்தரவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. இந்த ஸ்தலத்தின்மேல் வரவிருக்கும் தண்டனை மாறாது என்பது முதலாவது. ராஜாவின் இருதயம் இளகி, அவன் தன்னைத் தாழ்த்தினபடியால், அந்தத் தீங்கை அவன் கண்கள் காணாது என்பது இரண்டாவது (2 இரா. 22:15-20).

இதைக் கேட்ட பின்பு அவன் என்ன செய்தான் என்பதில்தான் முழுமனதான பக்தி வெளிப்படுகிறது. தேசத்தின் மேலான தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சீர்திருத்தம் செய்தாலும் அது மாறப்போவதில்லை. அவனுக்குத் தனிப்பட்ட சமாதானமோ ஏற்கனவே வாக்களிக்கப்பட்டாயிற்று. இனிமேல் பாடுபடுவதால் அவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. உலகத்தின் கணக்குப்படி அவன் ஓய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் மறு அதிகாரம் முழுவதும் அவன் ஓயாமல் உழைப்பதையே காண்கிறோம். சிறியோர் பெரியோர் யாவரையும் கூட்டி, புஸ்தகத்தை அவர்கள் காது கேட்க வாசித்தான்; தூண் அருகே நின்று உடன்படிக்கை செய்தான்; பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணின தோப்பேத்தைத் தீட்டாக்கினான்; பெத்தேலின் பலிபீடத்தை இடித்தான்; நியாயாதிபதிகளின் நாள்முதல் காணப்படாத விதத்தில் பஸ்காவை ஆசரித்தான்.

இந்த மனிதனைக் குறித்தே வேதம் ஒரு அரிய சாட்சியைக் கொடுக்கிறது. இருதயம், ஆத்துமா, பலம் என்னும் மூன்றையும் சேர்த்துக் கர்த்தரில் அன்புகூரும்படி உபாகமம் 6:5 கட்டளையிடுகிறது. அந்த மூன்று சொற்களும் மறுபடியும் ஒன்றாக வருவது பழைய ஏற்பாட்டில் ஒரே ஒரு இடத்தில்தான். அது யோசியாவைப் பற்றிய 2 இராஜாக்கள் 23:25. கட்டளை மோசேயின் புஸ்தகத்தில் இருந்தது. அதன்படி நடந்த ராஜாவாக வேதம் இவனையே காட்டுகிறது.

சுகம் கிடைத்தால் ஊழியம் செய்வேன், வேலை கிடைத்தால் காணிக்கை தருவேன் என்று பொருத்தனை பண்ணும் பக்தி பலரிடம் உண்டு. கேட்டது கிடைக்காதபோதும் கீழ்ப்படிகிறதே முழுமனதான பக்தி. தேவன் தருகிறவற்றுக்காக அல்ல, அவர் தேவனாயிருப்பதற்காகவே அவரைச் சேவிப்பது அது.

4. நேற்றைய கீழ்ப்படிதல் இன்றைக்குப் போதாது

வேதம் தன் வீரர்களின் குறைகளை மறைப்பதில்லை. எகிப்தின் ராஜாவாகிய நேகோ வடக்கே யுத்தத்துக்குப் போனபோது, யோசியா அவனுக்கு எதிராகப் புறப்பட்டான். தன்னைத் தடுக்க வேண்டாம் என்று நேகோ சொல்லியனுப்பினான். அந்த வார்த்தை தேவனுடைய வாயிலிருந்து வந்தது என்று 2 நாளாகமம் 35:22 சாட்சியிடுகிறது. யோசியா அதற்குச் செவிகொடாமல், வேஷம் மாறி மெகிதோவின் பள்ளத்தாக்கில் யுத்தம் செய்து, காயப்பட்டு மாண்டான். அது கி.மு. 609, அவனுக்கு வயது 39.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வாசிப்பைக் கேட்டு நடுங்கினவன், அன்று கேளாமற்போனான். அவனுடைய பக்தி பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. வேதம் அவனைக் குறித்துச் சொன்ன சாட்சியைத் திரும்பப் பெறவுமில்லை. ஆயினும், இளமையில் பெற்ற அனுபவம் முதுமைக்கு மூலதனம் ஆகாது. ஒவ்வொரு நாளும் புதிதாகச் செவிகொடுக்க வேண்டியவனே விசுவாசி.

5. குளிர்கால வீட்டில் ஒரு சூரிக்கத்தி

யோசியாவுக்குப் பின்பு நாடு எகிப்தின் பிடியில் விழுந்தது. நேகோ யோசியாவின் மகனாகிய யோயாக்கீமை அரசனாக்கினான். அவனுடைய ஐந்தாம் வருஷம் ஒன்பதாம் மாதத்தில், எரேமியா சொல்ல பாருக்கு எழுதின சுருள் அரண்மனைக்கு வந்தது. ராஜா குளிர்கால வீட்டில் கணப்பின் முன் உட்கார்ந்திருந்தான். யெகுதி மூன்று நான்கு பத்திகளை வாசிப்பான். ராஜா அவற்றைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் எறிவான். சுருள் முழுவதும் எரிந்து தீரும்வரை இது நடந்தது. ராஜாவும் அவனுடைய ஊழியக்காரரும் பயப்படவுமில்லை, தங்கள் வஸ்திரங்களைக் கிழிக்கவுமில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது (எரே. 36:24). தகப்பன் செய்ததை நினைப்பூட்டவே தீர்க்கதரிசி இதைக் குறித்துவைத்தான் போலும்.

யோயாக்கீமின் கோபத்துக்குக் காரணம் என்ன? எரேமியா 22ஆம் அதிகாரம் அதைத் திறந்து காட்டுகிறது. அவன் கேதுரு பலகைகள் பாவி, ஜாதிலிங்க வருணம் பூசி, விசாலமான மாளிகை கட்டினான். வேலைசெய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. அவனுடைய தகப்பனோ ஏழை எளியவனுடைய வழக்கை நியாயமாய் விசாரித்தான். கர்த்தரை அறிகிற அறிவு அதுவே என்று தீர்க்கதரிசி அறிவித்தான். ஆகவே யோயாக்கீமுக்கு வேதத்தின்மேல் எழுந்தது அறிவுசார்ந்த சந்தேகமல்ல. அது உண்மையாயிருந்தால் அவன் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். அவிசுவாசத்தின் வேர் பல வேளைகளில் மூளையில் இல்லை. கொடுக்காமல் வைத்திருக்கும் கூலியில் இருக்கிறது.

கத்தியை எடுத்து வேதத்தை அறுப்போர் இன்று அரிது. ஆனாலும் அறுப்பு நடந்துகொண்டே இருக்கிறது. ஆசீர்வாத வசனங்கள் நாட்காட்டியில் இடம்பெறுகின்றன. சத்துருவை மன்னிக்கச் சொல்லும் வசனம் விழுந்துபோகிறது. வாக்குத்தத்தங்கள் அடிக்கோடிடப்படுகின்றன, ஜாதி பார்க்கும் மனதைக் கண்டிக்கும் பகுதி புரட்டப்படாமலே கடந்துபோகிறது. மூன்று பத்திகள், நான்கு பத்திகள் என்று அறுத்தால் முழுச்சுருளும் கணப்பில் தீர்ந்துவிடும்.

6. நெருப்பு அழிக்காத சாட்சி

சுருள் எரிந்தது; வார்த்தை எரியவில்லை. எரேமியா மறுபடியும் சொன்னான், பாருக்கு மறுபடியும் எழுதினான், முந்தினவற்றோடு இன்னும் அநேகம் சேர்க்கப்பட்டன (எரே. 36:32).

அன்று அந்த அறையில், சுருளைச் சுட்டெரிக்க வேண்டாம் என்று ராஜாவை மன்றாடினவர்களில் ஒருவன் சாப்பானின் குமாரனாகிய கெமரியா. தகப்பன் யோசியாவுக்கு வேதம் வாசித்தவன்; மகன் யோயாக்கீமுக்கு முன்பாக வேதத்துக்காகப் பரிந்து பேசினான். அரசனின் வீட்டில் அணைந்துபோன பக்தி, சம்பிரதியின் வீட்டில் தொடர்ந்து எரிந்தது.

1982ஆம் ஆண்டு எருசலேமில் தாவீதின் நகரம் என்னும் பகுதியில் யிகால் ஷிலோ தலைமையில் நடந்த அகழ்வில் களிமண் முத்திரைகள் பல கிடைத்தன. அவற்றில் ஒன்றில் சாப்பானின் குமாரன் கெமரியா என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் எரேமியா புஸ்தகத்தின் கெமரியாவாகவே இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பாபிலோனியர் நகரத்தைச் சுட்டெரித்தபோது, அந்த முத்திரைகள் இடப்பட்டிருந்த ஆவணங்கள் சாம்பலாயின. ஈரக் களிமண்ணில் இட்ட முத்திரைகளோ அந்தத் தீயிலேயே சுடப்பட்டு, கெட்டியாகி நிலைத்தன. விசுவாசம் ஒரு மண் முத்திரையின்மேல் கட்டப்படுவதல்ல. என்றாலும், சுருளை எரிக்காதே என்று கெஞ்சினவனின் பெயரை நெருப்பே காத்துவைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

7. இந்திய மண்ணில் ஒரு சான்று

வசனத்துக்கு முன்பாக இருதயம் கிழிந்தவர்கள் இத்தேசத்திலும் உண்டு. 1858இல் பிறந்த பண்டித ரமாபாய் சமஸ்கிருதப் புலமையால் புகழ்பெற்றவர். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின்பு, தாம் கிறிஸ்தவ மதத்தைக் கண்டடைந்தாரேயன்றி கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்று உணர்ந்ததாக அவரே சாட்சி எழுதினார். அந்த வயதில், அந்தப் புகழுக்குப் பின்பு, அப்படி ஒப்புக்கொள்வது எளிதல்ல. அது யோசியாவின் கிழிந்த வஸ்திரத்துக்கு ஒப்பானது.

அதன் கனி விரைவில் தெரிந்தது. 1896-97 பஞ்ச காலத்தில் மத்திய இந்தியாவில் அநாதரவாய்க் கிடந்த பெண்களையும் சிறுமிகளையும் அவர் சேர்த்து, புனேக்கு அருகே கேட்காவ் என்னும் ஊரில் முக்தி இல்லத்தை வளர்த்தார். பின்பு எபிரெயமும் கிரேக்கமும் கற்று, எளிய பெண்களும் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி முழு வேதாகமத்தையும் எளிய மராத்தியில் மொழிபெயர்க்கப் பல ஆண்டுகள் உழைத்தார். 1921இல் தம் ஒரே மகளை இழந்தபோதும் வேலையை விடவில்லை. அதை நிறைவேற்றி, 1922 ஏப்ரல் 5 அன்று இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். அந்த வேதாகமத்தை அச்சிடும் வேலையில் ஈடுபட்டவர்கள் முக்தி இல்லத்துப் பெண்களே. ஏழையின் வழக்கை விசாரித்ததும், வேதத்தை ஒரு பத்தியும் அறுக்காமல் முழுவதுமாய் ஜனங்கள் கையில் கொடுத்ததும் அவருடைய வாழ்வில் ஒரே பக்தியின் இரு கரங்களாயிருந்தன.

முடிவாக

வேதாகமம் சத்தியம் என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. அவற்றைக் கற்பது நல்லது. ஆனால் ஒரு குடும்பம் அதை நம்புகிறதா என்று அண்டை வீட்டார் அறிவது, வேலைக்காரருக்குக் கொடுக்கும் கூலியிலும், மருமகளை நடத்தும் விதத்திலும், விரோதியோடு பேசும் வார்த்தையிலும்தான். புஸ்தகம் மறுபடியும் திறக்கப்படும்போது, கத்தியைக் கீழே வைத்துவிட்டு இருதயத்தைக் கொடுக்கிறவன் பாக்கியவான்.

தியானத்துக்கும் குடும்ப ஜெபத்துக்கும்

1. யோசியா தன் நற்செயல்களைக் கேடயமாகப் பிடிக்கவில்லை. விசுவாசி எவற்றைக் கேடயமாகப் பிடிக்கக்கூடும்?

2. பலன் கிடைக்காது என்று தெரிந்தும் கீழ்ப்படிய வேண்டிய காரியம் எது?

3. பல ஆண்டுகளாக வாசிக்காமல் கடந்துபோகும் வேதபகுதி எது? அதை இந்த வாரம் குடும்பமாக வாசிக்கலாமா?

4. சாப்பானின் வீட்டில் பக்தி பிள்ளைகளுக்குச் சென்றது. யோசியாவின் வீட்டில் நின்றுபோனது. பெற்றோர் இதிலிருந்து அறியவேண்டியது என்ன?