குணமாகும்போது கூடும் காய்ச்சல்

உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் பற்றிப் படித்தபோது ஒரு விடயம் எனக்குப் பிடிபடவே இல்லை. எச்.ஐ.வி. தொற்றிய ஒருவர் மருந்து எடுக்கத் தொடங்குகிறார். குருதியில் வைரசு குறைகிறது, சீ.டீ.4 குழியங்கள் கூடுகின்றன. ஆனாலும் சில கிழமைகளில் சிலருக்குக் கடும் காய்ச்சல் வருகிறது. கழுத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன. மருந்து வேலை செய்யவில்லையா என்று கேட்டேன். "வேலை செய்கிறது. அதனால்தான் இந்த வீக்கம்" என்றார் ஆசிரியை.

வீட்டில் உம்மும்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லாமல்தான் இதைச் சொன்னேன். அவர் பழைய கதையொன்றை எடுத்தார். 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டினார்களாம். எழும்பிய தூசியில் எல்லோருக்கும் இருமல். அந்தத் தூசி விளக்குமாறு கொண்டு வந்ததல்ல, முன்பே படிந்து கிடந்தது. "அதுக்காகக் கூட்டுறத நிப்பாட்டினமா? வாயில துணியக் கட்டிக்கொண்டு கூட்டினம்" என்றார்.

இங்கும் அதுதான் நடக்கிறது. காய்ச்சலும் வீக்கமும் பெரும்பாலும் கிருமியின் வேலையல்ல, கிருமியை எதிர்க்கும் உடலின் வேலை. சீ.டீ.4 குழியங்கள் அழிந்த உடலில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் பெருகும். மருந்தினால் குழியங்கள் மீண்டு வந்ததும் அந்தக் கிருமியை, சிலவேளை இறந்த கிருமியின் எச்சங்களைக்கூட, கண்டு பாய்கின்றன. மறைந்திருந்த நோய் அப்போதுதான் வெளிப்படலாம். மருந்தில் தேறி வந்த காசநோய் திடீரென மோசமாகலாம். சீ.டீ.4 எண்ணிக்கை மிகவும் விழுந்த பிறகு சிகிச்சைக்கு வருபவர்களுக்கே ஆபத்து அதிகம்.

உம்மும்மா சொன்ன துணியைப் போன்ற மருந்தொன்றும் உண்டு. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் நடந்து 2018 இல் வெளியான ஆய்வில், இரு நோயும் உள்ள 240 பேரில் பாதிப் பேருக்கு முதல் நான்கு கிழமைகள் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசோன் கொடுத்தார்கள். அது கிடைக்காத 120 பேரில் 56 பேருக்குச் சிக்கல் வந்தது. கிடைத்த 120 பேரில் 39 பேருக்கு.

மூளையில் தொற்று இருந்தால் கதை வேறு. மண்டையோட்டுக்குள் வீங்க இடமேது? கிரிப்டோகொக்கசு என்ற பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்தவருக்கு முதலில் பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, எச்.ஐ.வி. மருந்தை நான்கு முதல் ஆறு கிழமைகள் பிற்போடுகிறார்கள். நுரையீரல் காசநோய் என்றால் அவ்வளவு காத்திருக்க முடியாது. இரண்டு கிழமைக்குள் தொடங்க வேண்டும்.

எனக்குப் பயம் தருவது வேறொன்று. "இந்தக் குளிசை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒருவர் தானாகவே நிறுத்திவிடுவது. நிறுத்தினால் வைரசு மறுபடி பெருகும். எங்கள் துறைமுக ஊரில் யாரைக் கண்டாலும் தெரிந்த முகம். கிளினிக் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று காய்ச்சலோடு வீட்டில் படுத்திருப்பார்கள். பெரும்பாலானோருக்குக் குளிசையை நிறுத்தாமலே இதைச் சமாளிக்கலாம். அதற்கு டொக்டர் அவரைப் பார்க்க வேண்டும். அரச கிளினிக்குகளில் இந்தச் சிகிச்சை இலவசம்.