கோழிகளின் புழுதிக் குளியல்

நெசவாளர் இல்லங்களில் தறிக்கு அடுத்தபடியாக ஒரு கோழிப் பஞ்சாரமாவது இருப்பது நெடுநாளைய வழக்கம். பயிர்த்தொழில் புரியும் அங்கத்தினர்களின் களத்துமேட்டிலும் அப்படியே. கூலி கைக்கு வரும் நாள் தள்ளிப் போகும்போது நாலு முட்டையோ ஒரு சேவலோ அன்றைய செலவைத் தாங்கும் என்பது நம் பெண்மக்கள் நன்கறிந்த கணக்கு. அப்படியிருந்தும், கோழிக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பதில் காட்டும் அக்கறையில் கால் பங்குகூட நாம் அதன் குளியலில் காட்டுவதில்லை. கோழிக்குக் குளியலா என்று சிலர் நகைக்கவும் கூடும். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அப்படி நகைத்தவர்கள்தாம். அதனால் நேர்ந்த நஷ்டத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

நம் வீட்டு முற்றம் முன்பு வெறும் செம்மண் தரை. மழைக்காலத்துச் சேற்றுக்கு அஞ்சி அதை முழுவதும் சிமெண்டு பூசிவிட்டோம். வாசலில் பஞ்சாயத்தார் போட்ட கான்கிரீட் சாலை முன்பே வந்துவிட்டது. அடுத்த கோடையில் பன்னிரண்டு முட்டைகளைக் கூடையில் மணல் பரப்பி வைத்து, வழக்கப்படி ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் உடன் இட்டு, நல்ல தாய்க்கோழி ஒன்றை அடைக்கு அமர்த்தினோம். பதினைந்தாம் நாள் கோழி கூடையை விட்டு எழுந்தது. மீண்டும் அமரவே இல்லை. பிடித்துக் கூடையில் வைத்தாலும் உதறிக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டு முதியவள் ஒருத்தி வந்து பார்த்து, "கோழியைக் குறை சொல்கிறாயே, அதன் வயிற்று இறகைப் பிரித்துப் பார்த்தாயா அப்பா?" என்றாள். பிரித்துப் பார்த்தோம். எருவாய்ப் பக்கத்தில் பழுப்பு மஞ்சள் நிறப் பேன்கள் நாலாபுறமும் ஓடின. இறகுகளின் அடியில் ஈர் வெள்ளை வெள்ளையாகத் திரண்டிருந்தது. உள்ளே குஞ்சு உருவான பன்னிரண்டு முட்டைகளும் வீணாயின.

மண் இல்லாதது ஒன்றே இதற்கு முழுக் காரணம் என்று நாம் சத்தியம் செய்ய மாட்டோம். ஆனால் அடைக்கோழியின் நடத்தையைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாளுக்கொரு முறை அது கூடையை விட்டு இறங்கும் அந்தச் சிறு பொழுதில் தீனி தின்னும், நீர் பருகும், எச்சமிடும், அதன்பின் ஓடிப்போய் மண்ணில் புரளும். பிறகே அடைக்குத் திரும்பும். நம் கோழி இறங்கி வந்தபோது அதற்குக் கிடைத்தது சுடுகின்ற சிமெண்டுத் தரை மட்டுமே.

கோழி குளிக்கும் முறையைப் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. முதலில் அலகாலும் காலாலும் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும். பின் குழியில் அமர்ந்து, இறகுகளைச் சிலிர்த்து, சிறகுகளை அடித்து, புழுதியை முதுகின்மேல் வாரியெறியும். புழுதி இறகுகளின் ஊடே இறங்கித் தோல்வரை சென்றதும் ஒருபுறமாகச் சாய்ந்து, கழுத்தையும் விலாவையும் தரையில் தேய்க்கும். சிறிது நேரம் செத்ததுபோல் அசையாமலும் கிடக்கும். புதிதாகக் கோழி வளர்ப்போர் இந்நிலையைக் கண்டு நோயென்று பதறுவதுண்டு. இறுதியில் எழுந்து நின்று உடலை ஒரு குலுக்குக் குலுக்கும். புழுதி மேகம்போல் பறக்கும். டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் வெஸ்டர்கார்டு 1982-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்த கோழி ஏறத்தாழ இரண்டு நாளைக்கு ஒருமுறை, பெரும்பாலும் நடுப்பகலை ஒட்டி, அரைமணி நேரம் அளவுக்கு இவ்வாறு குளிக்கிறது. ஒன்று தொடங்கினால் மற்றவையும் வந்து சேர்ந்துகொள்ளும். சில நாள் மண்ணின்றி அடைத்துவைத்துப் பின் மண்ணில் விட்டால், விட்ட குளியலையும் சேர்த்துக் குளிப்பதுபோல் அதிக நேரம் புரளும்.

இன்னொரு வியப்பும் உண்டு. கம்பிக் கூண்டில் அடைபட்ட கோழி, காலடியில் ஒரு சிட்டிகை மண்ணும் இல்லாதபோதும், அமர்ந்து சிறகடித்து இல்லாத புழுதியை வாரிப் போட்டுக்கொள்வதுபோல் பாவனை செய்கிறது. பிறவிக் குணம் அவ்வளவு வலியது. நாமக்கல் பகுதியின் பெரும் முட்டைப் பண்ணைகளில் கோழிகள் கம்பிக் கூண்டில்தான் காலம் கழிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ, 1999-ல் பிறப்பித்த உத்தரவின்படி, 2012 ஜனவரி முதல் வெறுங்கூண்டு முறை விலக்கப்பட்டு, கோழி கொத்திக் கிளறுவதற்கேற்ற பரப்பு அளிக்கவேண்டும் என்றாகிவிட்டது. பெரும்பண்ணைக்காரர் பாடு அவருக்கு. கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்கும் நமக்கு, ஒரு குழி மண் அளிப்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

இக்குளியலின் பயன் என்னவென்று பார்ப்போம். கோழியின் வாலடியில் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அந்த எண்ணெயை அலகில் தொட்டு இறகுகளுக்குத் தடவி அவற்றை மிருதுவாக வைத்துக்கொள்கிறது. நாள் செல்லச் செல்லப் பழைய எண்ணெய் பிசுக்காகி, உள்ளிருக்கும் மென்தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புழுதி அப்பிசுக்கை உறிஞ்சிக்கொண்டு உதிர்ந்துவிடும். எண்ணெய் முழுக்கின்போது நாம் தலைக்கு அரப்புத்தூள் தேய்க்கிறோமல்லவா? அதே வேலைதான். தூவிகள் பிரிந்து நின்றால்தான் குளிரும் வெப்பமும் உடலைத் தாக்காமல் காக்கும்.

இரண்டாவது பயன் பேன் முதலியவற்றைக் குறைப்பது. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தார் 2012-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், மணலோடு கயோலின் என்னும் வெண்களிமண்ணையோ, டயட்டம் என்னும் நுண்பாசியின் புதைபடிவ மண்ணையோ, கந்தகத்தையோ கலந்து பெட்டியில் வைத்தனர். அதில் குளித்த கோழிகளின்மேல் இருந்த பேனும் செள்ளும் ஒரே வாரத்தில் 80 முதல் 100 சதவிகிதம் வரை குறைந்தன. முதலிரண்டு வகை மண்ணைப் பொறுத்தவரை, பெட்டியை எடுத்ததும் பூச்சிகள் திரும்பப் பெருகின. கந்தகத்தின் பயன் மட்டும் பெட்டியை எடுத்த பின்பும் நீடித்தது. ஆகவே எந்நாளும் மண் இருக்க வேண்டும். பேன் கண்ட பின் ஒரு நாள் வைத்துவிட்டு மறப்பதில் பயனில்லை. கந்தகம் கண்ணுக்கும் மூச்சுக்கும் எரிச்சல் தருவதாகையால், கால்நடை மருத்துவரைக் கேட்டே அதைக் கையாள வேண்டும்.

குளியலால் தீராதவையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. இரவில் மட்டும் வந்து இரத்தம் உறிஞ்சிவிட்டுப் பகலில் கூட்டின் இடுக்குகளில் பதுங்கும் சிவப்புச் செள்ளும், அவ்வாறே சுவர் வெடிப்பில் வாழும் கோழி உண்ணியும் மண்ணுக்கு மசிய மாட்டா. இவற்றுக்குக் கூட்டைச் சுத்தம் செய்து, வெடிப்புகளை அடைத்து, சுண்ணாம்பு அடிப்பதே வழி. கண்ணோரத்திலும் கொண்டையிலும் ஒட்டிக்கொண்டு விடாத தெள்ளுப்பூச்சியும் குளியலால் உதிராது.

இனி இடம் அமைப்பதைப் பற்றி. இதில் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு தனி அக்கறை உண்டு. கோழிக்கு நாம் இடம் கொடுக்காவிட்டால் அது தானே இடம் தேடிக்கொள்ளும். நெசவாளர் வீட்டில் அது பெரும்பாலும் தறிக்குழியின் உலர்ந்த மண்ணாகவோ, சாயமிட்ட நூலைக் கொடியில் உலர்த்தும் இடத்தின் அடியாகவோ இருக்கும். ஈரச் சிட்டத்தில் படிந்த புழுதியைப் பிறகு தட்டினாலும் போகாது. பயிரிடுவோர் வீட்டிலோ, புதிதாகக் கொத்திய கத்தரிப் பாத்தியும் மிளகாய் நாற்றங்காலுமே கோழிக்கு மெத்தை. அடுத்த வீட்டாரின் நாற்றங்காலாக இருந்துவிட்டால் வழக்கு வேறு திசையில் போகும்.

நாலைந்து கோழிகளுக்கு இரண்டடிச் சதுரமும் ஓரடி ஆழமும் கொண்ட இடம் போதும். தரை சிமெண்டாக இருந்தால் பழைய லாரி டயரோ, உடைந்த தொட்டியோ, மரப்பெட்டியோ உதவும். வெறுந்தரையானால் குழி எடுத்துச் சுற்றிலும் ஒரு வரிசைச் செங்கல் வைத்து, மழைநீர் உள்ளே ஓடாதபடி செய்க. நடுப்பகலில் வெயில் விழும் இடமே கோழிக்குப் பிடிக்கும். ஆயினும் மேலே உயரமாக ஒரு தகரமோ கீற்றோ சாய்த்துக் கட்டினால் சாரலுக்குத் தப்பும்.

மண்ணில் மிக முக்கியமானது பொடியாகவும் உலர்ந்தும் இருத்தல். செம்மண்ணை வெயிலில் காயவைத்துச் சல்லடையில் சலித்து இடுக. மணல் கலந்தால் நல்லது. ஆற்று மணல் கிடைப்பது அரிதான இக்காலத்தில் அதற்காக அலைய வேண்டியதில்லை. கரிசலும் களிமண்ணும் ஈரம் பட்டால் கட்டியாகிவிடுமாதலால் உதவா. வைக்கோலும் மரச்சீவலும் மண்ணுக்கு ஈடாகா. விறகுச் சாம்பலை நன்கு ஆறவைத்துச் சலித்து, ஐந்து கூடை மண்ணுக்கு ஒரு கூடை வீதம் கலக்கலாம், அதற்குமேல் வேண்டாம். சாம்பல் நனைந்தால் காரத்தன்மை வெளிப்பட்டுத் தோலை அரிக்கும். பிளாஸ்டிக்கும் குப்பையும் எரித்த சாம்பலை அருகிலேயே கொண்டுவரலாகாது. நீற்றுச் சுண்ணாம்பும் கூடாது; அது சுவருக்குத்தான், கோழியின் கண்ணுக்கு ஆகாது.

பூச்சி மருந்துத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. 1960-களில் பி.எச்.சி. தூளையும் கமாக்சினையும் கோழியின் உடலிலும் அது குளிக்கும் மண்ணிலும் தூவியவர் பலர். அன்று அதன் தீமை பரவலாகத் தெரியாது. இவை கொழுப்பில் தங்கி முட்டையின் மஞ்சள் கருவழியே நம் குழந்தைகளின் வயிற்றுக்கு வந்து சேர்பவை. பி.எச்.சி. 1997-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இன்றும் பழைய பழக்கத்தால் எறும்புப் பொடியையோ, வயலுக்கு வாங்கி மிஞ்சிய தூளையோ குழியில் கொட்டுவோரை நாம் கண்டிருக்கிறோம். அலகால் கொத்திக்கொண்டே குளிக்கும் உயிருக்கு அந்தத் தூள் தீனியாகிவிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

குழியை அமைத்தாயிற்று, கோழி வரவில்லை என்று சிலர் குறைப்படுவர். கோழி பழக்கத்துக்கு அடிமை. அது வழக்கமாகக் குளிக்கும் இடத்திலிருந்து நாலு கூடை மண்ணை அள்ளிவந்து புதுக்குழியின் மேல் இடுக. ஒரு கைப்பிடி கம்பையோ சோளத்தையோ மண்ணில் கலந்துவிட்டால் கிளறத் தொடங்கும். கிளறிய கால் பின்னர் அமரும். பழைய இடத்தில் தண்ணீர் தெளித்தோ முள் பரப்பியோ வைக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால், சாதுவான ஒரு கோழியை நடுப்பகலில் குழியின்மேல் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடி வைக்கலாம். பஞ்சாரத்துக்குத்தான் அடி கிடையாதே! நம் வீட்டில் முதல் நாள் அவ்வாறு மூடிய கோழி கால்மணி நேரம் கத்திவிட்டுப் பின் புரளத் தொடங்கியது. மூன்றாம் நாள் மற்றவை தாமாகவே வரிசையில் நின்றன. குஞ்சுகளுக்கு முதல் வாரம் கழிந்ததும் ஆழமற்ற தட்டில் உலர்மண் வைத்தால் பிஞ்சுச் சிறகை அடித்துப் பழகிக்கொள்ளும்.

அடைக்கோழி இருக்கும் வீட்டில் குழியானது அடைக்கூடைக்கு அருகிலேயே இருக்கட்டும். அது இறங்கும் வேளையில் மற்றக் கோழிகள் குழியை அடைத்துக்கொண்டிருந்தால் சற்று விரட்டிவிட வேண்டும். அடைக்கு அமர்த்துமுன் எருவாய்ப் பக்கத்தையும் சிறகின் அடியையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். அன்றுமுதல் நாம் இதைச் செய்யாமல் ஒரு கோழியையும் கூடையில் வைத்ததில்லை.

குழியில் விழும் எச்சத்தை நாள்தோறும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஈரமும் எச்சமும் சேர்ந்த மண்ணில் இரத்தக் கழிச்சல் நோய்க்கிருமி தங்கும்; குஞ்சுகளைத்தான் அது முதலில் தாக்கும். இரவில் குழியை ஒரு பலகையால் மூடுவது நல்லது. பொடிமண்ணைக் கண்டால் பூனைக்கும் ஆசை வரும்; அதன் நோக்கம் வேறு.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊரெங்கும் ஈரமாக இருக்கும்போது உலர்மண் தேடினாலும் கிடைக்காது. கோழி கூட்டிலேயே ஒடுங்கிக் கிடக்கும் அக்காலத்தில்தான் பேன் தடையின்றிப் பெருகும். ஆதலால் புரட்டாசி வெயில் இருக்கும்போதே சலித்த மண்ணை இரண்டு சாக்குகளில் நிரப்பி, நனையாத இடத்தில் பலகைமேல் அடுக்கிவைக்க வேண்டும். மழை நாட்களில் தாழ்வாரத்தில் டயரை வைத்து, குறைந்தபோதெல்லாம் சாக்கிலிருந்து நிரப்பலாம். குழியிலிருந்து எடுத்த பழைய மண்ணை எறிந்துவிட வேண்டாம். எச்சம் கலந்த அம்மண்ணை எருக்குழியில் இட்டு மக்கவைத்தால், தை மாதத்தில் அவரைப் பந்தலடிக்கு நல்ல உரமாகும்.