பனமலையில் தொடங்கலாம்: பிள்ளைகளுக்குப் பழைய தத்துவங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெற்றோருக்குச் சில யோசனைகள்:

• சைவம்: பனமலை தாளகிரீசுவரர் கோயில், பல்லவன் இராசசிம்மன் கட்டியது. அங்குள்ள ஓவியத்தில், குடையின் கீழ் ஒரு காலை மடித்து நின்றபடி சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள் பார்வதி. முதலில் படத்தைக் காட்டுங்கள்; கதை பிறகு.

• மும்மூர்த்திகள்: மண்டகப்பட்டுக் குடைவரையைச் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு எடுத்தான் முதலாம் மகேந்திரவர்மன். "மூன்று சாமிக்கு ஏன் ஒரே கோயில்?" என்று கேட்டுப் பாருங்கள்.

• சமணம்: செஞ்சி அருகே திருநாதர்குன்றுப் பாறையில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பிள்ளைகளே எண்ணட்டும். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கு உண்டு. நோன்பின் விளக்கம் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் போதும். மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இயங்குகிறது.

• பௌத்தம்: மணிமேகலையின் அமுதசுரபிக் கதை சொல்லி, பசித்தவருக்குச் சோறிடுவதே அறம் என்று தொடங்குங்கள்.

• ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். ஓவியத்தைத் தொட விடாதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். "எது உசத்தி?" என்று பிள்ளை கேட்டால் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.