பத்திரிகையும் பகிர்தலும்

தாம் கற்றதனைப் பிறரும் அறியக் கொடுத்தல் மக்கட்கு இயல்பாயமைந்த பண்பாகும். அப்போஸ்தலனாகிய பவுல் கொலோசெ சபையாருக்கு நிருபம் எழுதியபொழுது, அதனை அவர்கள் வாசித்தபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிப்பிக்குமாறு அந்நிருபத்தின் இறுதியிற் பணித்தார். ஈண்டு நோக்கத்தக்கன இரண்டு: வாசித்தபின் வழங்குதல் என்னும் முறை ஒன்று, இன்னார்க்கு வழங்குக என்னும் வரையறை மற்றொன்று. செய்தியைப் பகிர்தற்கும் இவ்விரண்டும் இன்றியமையாதன. பத்திரிகைகள் தம் இணையதளங்களிற் பகிர்வுப் பொத்தான்களை அமைத்தபொழுது இவ்விரண்டும் எங்ஙனம் நெகிழ்ந்தன என்பதையும், அவற்றை மீட்டற்குரிய வழிகள் எவை என்பதையும் யாம் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

அச்சிட்ட தாளை ஒருவர் படித்து அயலார்க்குக் கொடுக்குங்கால், கொடுத்தவர் இன்னார் என்பதைப் பெற்றவர் அறிவார். பத்திரிகையின் பெயரும் நாளும் தாளின் தலைப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். செய்தி இது, பத்திராதிபர் கருத்து இது, விளம்பரம் இது என்பதையும் ஒவ்வொன்றும் நின்ற இடமே காட்டிவிடும். பத்திரிகை இணையதளமாகிய பின்னரோ, முழுத் தாள் கைமாறுவது ஒழிந்து, தனித்தனிக் கட்டுரையே கைமாறலாயிற்று. முதலில், கட்டுரையை நண்பர்க்கு மின்னஞ்சலில் அனுப்பும் வசதி வந்தது. 2010-ம் ஆண்டு ஏப்ரலில் பேஸ்புக் தன் 'விருப்பம்' பொத்தானைப் பிற தளங்களும் பதித்துக்கொள்ளுமாறு வழங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் டுவிட்டரும் தன் பொத்தானை வெளியிட்டது. பின்னர்ச் சில்லாண்டுகளுக்குள் அப்பொத்தான்கள் இல்லாத செய்தித்தளம் அரிதாயிற்று.

இவற்றால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. பொருள்வளமில்லாச் சிறு பத்திரிகையும் தன் ஊரெல்லை கடந்து வாசகரைப் பெற இவை வழிவகுத்தன. 2011-ம் ஆண்டு மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, மாதத்திற்கு இருபது கட்டுரைகளுக்குமேற் படிப்போர் கட்டணம் செலுத்தவேண்டும் என விதித்தபொழுதும், நண்பர் பகிர்ந்த இணைப்பின் வழியே வருவோர்க்கு அவ்வரம்பு கடந்தும் கதவைத் திறந்தே வைத்தது. பகிர்வினால் வரும் வாசகரை அப்பத்திரிகை எத்துணை மதித்தது என்பது இதனாற் புலனாம்.

ஆயினும், எத்தகைய கட்டுரைகள் மிகுதியாகப் பகிரப்படுகின்றன என்பது அடுத்து ஆராயத்தக்கது. ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் என்னும் ஆய்வாளர் இருவர், 2008-ம் ஆண்டில் மூன்று மாத காலத்தில் நியூயார்க் டைம்ஸ் தளத்தில் வெளிவந்த ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை ஆராய்ந்து, அவற்றுள் மின்னஞ்சலில் மிகுதியாக அனுப்பப்பட்டவை எவையெனக் கண்டு, 2012-ல் தம் முடிவை வெளியிட்டனர். வியப்பு, சினம், அச்சம் முதலாக உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்யும் உணர்ச்சிகளைத் தூண்டுவன மிகுதியாகப் பரவின. துயரத்தை விளைப்பன அங்ஙனம் பரவவில்லை. பயனுடைய செய்தி பரவுவதில்லை என்று அவர்கள் கூறினாரல்லர். பயனுடையதும் பரவும் என்றே கண்டனர். எனினும், பகிர்வின் தொகையையே உரைகல்லாகக் கொள்ளும் பத்திராதிபர், தம்மை அறியாமலே சினமூட்டும் தலைப்புகளை நாடுவர் என்பது எளிதில் உணரத்தக்கது.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. 2016-ம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வொன்று, டுவிட்டரிற் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளுள் நூற்றுக்கு 59 எவராலும் ஒருமுறையேனும் திறக்கப்படவில்லை எனக் கண்டது. வாசித்தபின் வழங்குதல் என்னும் முறை இங்கே தலைகீழாயிற்று. இதனைப் பின்னர் அந்நிறுவனங்களே உணர்ந்தன. 2020-ம் ஆண்டில் டுவிட்டர், கட்டுரையைத் திறவாமலே பகிர முற்படுவோரை 'முதலிற் படித்தீரோ?' எனும் கருத்துப்பட வினவத் தொடங்கியது. நம் நாட்டில் வாட்ஸப்பிற் பரவிய வதந்திகளால் அப்பாவி மக்கள் கும்பல்களால் அடித்துக் கொல்லப்பட்ட கொடுமைகளின்பின், 2018-ம் ஆண்டில் அந்நிறுவனம் ஒரு செய்தியை ஒருமுறையில் ஐந்து இடங்களுக்குமேல் முன்னனுப்ப இயலாவாறு வரையறுத்தது. பன்முறை கைமாறி வந்த செய்தியை ஓரிடத்திற்கே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. தடையின்மையே சிறப்பென எண்ணியிருந்தவர்களே சிறுதடையின் பயனைக் கண்டுகொண்டனர்.

இனிப் பொத்தானின் இயல்பை நோக்குவாம். புறத்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படும் பொத்தான்கள் உண்மையில் இருவகைப்படும். முதல்வகை வெறும் இணைப்பு. வாசகர் அதனை அழுத்தும்வரை அது வாளாவிருக்கும். இரண்டாம் வகையோ, பேஸ்புக் முதலிய நிறுவனங்களின் கணினியிலிருந்தே நேராக வந்து பக்கத்தில் அமர்வது. வாசகர் பக்கத்தைத் திறந்த அளவிலேயே, அவர் எப்பக்கத்தைத் திறந்தார் என்பதும், அவருடைய உலாவியில் அந்நிறுவனம் முன்னரே விட்டுச்சென்ற குக்கீ என்னும் அடையாளக்குறியும் அங்கே சென்றுவிடும். பொத்தானைத் தொடாதவரும் இதற்குத் தப்பாரல்லர். நோயைப்பற்றியோ, கடனைப்பற்றியோ, அரசியலைப்பற்றியோ ஒருவர் தனியிருந்து படித்தது, அவர் அறியாமலே பிறரால் அறியப்படுகின்றது. இன்னார்க்கு வழங்குக என்னும் வரையறை இவ்வாறு அழிந்தது.

இதற்கு மாற்றுக் கண்டவரும் பத்திரிகைத் துறையினரே. ஜெர்மனியில் ஹைசே என்னும் பதிப்பகத்தார் 2011-ம் ஆண்டில் தம் செய்தித்தளத்தில் இரட்டைச் சொடுக்கு முறையை ஏற்படுத்தினர். அதன்படி, முதற் சொடுக்கிலேயே பொத்தான் உயிர்பெறும். இரண்டாவதிலேயே பகிர்வு நிகழும். அதுகாறும் செய்தி எதுவும் வெளிச்செல்லாது. 2014-ல் ஷாரிஃப் என்னும் பெயரால், ஒரே சொடுக்கில் அக்காவலை அளிக்கும் பொத்தான்களை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். பின்னர் 2019-ம் ஆண்டு ஜூலை 29-ம் நாள், ஜெர்மனியத் துணிவணிக நிறுவனமொன்றின் வழக்கில், 'விருப்பம்' பொத்தானைத் தன் பக்கத்திற் பதித்துக்கொண்ட தளம், வாசகரின் விவரங்களைத் திரட்டி அனுப்புவதில் பேஸ்புக்குடன் தானும் பொறுப்பாளியாம் என ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொத்தான் பிறருடையது; எமக்கு அதில் தொடர்பில்லை என்று இனி எவரும் கைகழுவுதல் அங்கே இயலாது.

பகிர்தலை வாசகரின் விருப்பினின்றும் பிரித்தால் விளைவதென்ன என்பதற்கு இலண்டன் கார்டியன், வாஷிங்டன் போஸ்ட் என்னும் இரு பெரும் பத்திரிகைகளின் அனுபவம் சான்றாகும். 2011-ம் ஆண்டு செப்டம்பரில் அவை பேஸ்புக்கினுள்ளேயே தம் செய்திகளைப் படிக்கும் செயலிகளை அமைத்தன. அவற்றை ஒருமுறை ஏற்றுக்கொண்டவர் எதனைப் படித்தாலும், அவர் படித்தார் என்பது நண்பர்க்குத் தானே அறிவிக்கப்படும். முதலில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். 2012-ம் ஆண்டில் பேஸ்புக் அவ்வறிவிப்புகளைக் காட்டும் முறையை மாற்றவே, படிப்போர் தொகை விரைந்து சரிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் கார்டியன் தன் வாசகரைத் தன் சொந்தத் தளத்திற்கே திருப்பிக்கொண்டது. பிறர் நிலத்தில் எழுப்பிய வீட்டின் வாயிலை நிலத்துக்குரியவரே அடைக்கவும் திறக்கவும் வல்லர் என்பதை அவை கண்கூடாக உணர்ந்தன.

அவ்வாயில் முற்றும் அடைபட்டதும் உண்டு. செய்தி இணைப்புகளுக்காகப் பெருநிறுவனங்கள் பத்திரிகைகட்குப் பணம் தரவேண்டும் எனக் கனடா நாடு 2023 ஜூனில் சட்டம் இயற்றியது. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அவ்வாகஸ்டில் அந்நாட்டில் செய்தி இணைப்புகளையே விலக்கத் தலைப்பட்டது. அதே மாதத்திற் காட்டுத்தீ பரவி, ஏறத்தாழ 20,000 மக்கள் வாழும் யெல்லோநைஃப் நகரத்தார் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. எவ்வழி திறந்துள்ளது, தீ எங்கு நிற்கின்றது என்னும் செய்தியைப் பத்திரிகைகள் வெளியிட்டும், அவ்விணைப்பைப் பேஸ்புக்கிற் சுற்றத்தார்க்கு அனுப்ப மக்களால் இயலவில்லை. இவ்விடரில் சட்டம் செய்தோர் பிழை எவ்வளவு, நிறுவனத்தார் பிழை எவ்வளவு என்பது வேறு ஆராய்ச்சி. பகிரும் வழி ஒன்றே என நம்பியிருத்தல் ஆபத்தானது என்பதே நமக்கு ஈண்டு வேண்டுவது.

இதுகாறும் கூறியவற்றால், பகிர்வு வசதியைத் தம் தளத்தில் அமைக்கக் கருதும் பத்திரிகையாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் நான்கு பெறப்படும்.

முதலாவது, பொத்தான் வெறும் இணைப்பாயிருத்தல் வேண்டும்; வாசகர் அழுத்துமுன் அவரைப்பற்றிய செய்தி வெளிச்செல்லலாகாது.

இரண்டாவது, கட்டுரையின் இறுதியில் அது நிற்றல் வேண்டும்; படித்து முடித்தவர் கைக்கு அது எட்டுமாறு வைத்தல், படித்தபின் வழங்குக என்று சொல்லாமற் சொல்லுதலாகும்.

மூன்றாவது, பகிரப்படும் கட்டுரையின் முன்னே செல்லும் சிற்றட்டையில் தலைப்பும் படமும் மட்டுமன்றி நாளும் வகையும் விளங்குதல் வேண்டும். அவ்வட்டையில் எத்தலைப்பு, எப்படம், எச்சுருக்கம் தோன்றவேண்டும் என்பதைப் பத்திரிகையே தன் பக்கத்தினுள் எழுதிவைத்தல் கூடும். பழஞ்செய்தி புதுச்செய்திபோல் உலவுதல் கண்டு, கார்டியன் 2019-ம் ஆண்டில் பழைய கட்டுரைகளின் பகிர்வுப் படத்தின்மேல் ஆண்டினைப் பொறிக்கத் தொடங்கியது. பின்பற்றத்தக்க முறை இதுவே.

நான்காவது, ஒரு நிறுவனத்தையே நம்பாது, இணைப்பைப் படியெடுத்தல், மின்னஞ்சல், அச்சிடல் முதலிய பல வழிகளையும் ஒருங்கே வைத்தல் வேண்டும். மின்னஞ்சல் மடலைத் தாமாக விரும்பி ஏற்ற வாசகர் பெயர்ப்பட்டியல் பத்திரிகையின் சொந்த உடைமை. அதனை வேறெவரும் ஓரிரவில் அடைத்துவிட இயலாது.

இந்நெறிகளைக் கைக்கொண்டால் பகிர்வின் தொகை சிறிது குறைதலும் கூடும். குறையினும் இழப்பில்லை என்பது எம் துணிபு. திறவாமற் பகிரப்பட்ட நூறு இணைப்புகளால் பத்திரிகைக்கு ஒரு வாசகரும் கிட்டார். படித்தவர் ஒருவர் தம் நண்பர் ஒருவர்க்குத் தெரிந்து அளித்த ஒன்றால் ஒருவரேனும் கிட்டுவர்.

பத்திரிகையாளர் கடமை இவ்வாறாக, வாசகராகிய நம் கடமையும் ஒன்றுண்டு. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாதென்னும் கற்பனை நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. ஒரு செய்தியை நம் பெயரால் ஒருவர்க்கு அனுப்புங்கால், அது மெய்யென்று நாம் சான்று பகர்கின்றோம். நம்மேல் வைத்த நம்பிக்கையினாலேயே அவர் அதனை ஏற்கின்றார். படியாத ஒன்றிற்குச் சான்று பகர்தல் நேரிதன்று. ஆதலின், பொத்தானை அழுத்துமுன் கட்டுரையை முற்றும் படித்தலும், நாளை நோக்குதலும், இஃது இன்னார்க்குப் பயன்படும் எனத் தேர்தலும் கற்றோர்க்கு இன்றியமையாத ஒழுக்கமாம்.