கணிப்பொறிக் கூட்டத்தின் சுக்கான்

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'போக்கிமான் கோ' என்னும் கைப்பேசி விளையாட்டு வெளிவந்தது. எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று அதை நடத்தியவர்கள் முன்னதாகவே கணக்கிட்டிருந்தார்கள். எதிர்பார்த்த நெரிசலை 1 என்று கொண்டால், மிக மோசமான நிலையில் அது 5 ஆகலாம் என எண்ணி ஏற்பாடுகள் செய்தார்கள். வந்ததோ 50! ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் திறந்து கால் மணி நேரத்திற்குள்ளாகவே கணக்கு பொய்த்துவிட்டது. தொடக்க நாட்களில் விளையாட்டு அவ்வப்போது தடைபட்டது உண்மைதான். ஆனாலும் அது முறிந்து விழவில்லை. நெரிசலுக்கு ஏற்பக் கணிப்பொறிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. நிரலின் பிரதிகள் பெருகிக்கொண்டே இருந்தன.

இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அமைத்திருக்க முடியுமா? முடியாது. அந்த வேலையைச் செய்தது குபர்நெட்டீஸ் என்னும் ஒரு மேலாண்மை நிரல். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போமா?

நீங்கள் கைப்பேசியில் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள் அல்லது வங்கிக் கணக்கைப் பார்க்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு எங்கோ ஒரு கணிப்பொறி விடை அனுப்புகிறது. கேட்டதைக் கொண்டுவந்து தருவதால் அதற்குச் சர்வர் என்று பெயர். நம் ஊர் ஓட்டல் சர்வரும் இதே பெயர் கொண்டவர்தான்! ஓட்டலில் கூட்டம் கூடினால் ஒரு சர்வர் போதாது. இங்கும் அப்படியே. பல சர்வர்களை வலையாக இணைத்து ஒன்றாக வேலை வாங்குகிறார்கள். இந்தக் கூட்டத்திற்குக் கிளஸ்டர் என்று பெயர்.

கூட்டம் பெருகும்போது ஒரு தொல்லையும் கூடவே பெருகுகிறது. ஒரு சர்வர் சராசரியாக 1000 நாட்களுக்கு ஒரு முறை பழுதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், நல்ல உழைப்புதான். ஆனால் உங்களிடம் 1000 சர்வர்கள் இருந்தால்? நாளொன்றுக்கு ஒன்று பழுதாகும்! அப்போது பழுது என்பது விபத்தல்ல, அன்றாட நிகழ்ச்சி. நள்ளிரவில் ஒன்று நின்றுவிட்டால் யாராவது தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அதன் வேலையை வேறொன்றிற்கு மாற்றும்வரை பயணி டிக்கெட்டுக்குக் காத்திருக்க முடியாதல்லவா?

பெட்டிக்குள் நிரல்

வேலையை மாற்றுவதும் எளிதல்ல. ஒரு நிரல் தனியாக ஓடுவதில்லை. அதற்குப் பல துணை நிரல்கள் வேண்டும், அவையும் குறிப்பிட்ட பதிப்பாக இருக்க வேண்டும். ஒரு கணிப்பொறியில் நன்றாக ஓடியது அடுத்ததில் படுத்துக்கொள்ளும்.

இதே போன்ற சிக்கல் ஒரு காலத்தில் துறைமுகங்களில் இருந்தது. மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தூக்கி ஏற்ற வேண்டும். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரித் தொழிலதிபர், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் ஒரே மாதிரியான 58 உலோகப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பளுதூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கத் தெரிந்தால் போதும். இன்று நம் நெடுஞ்சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் சுமந்து செல்வது அத்தகைய பெட்டிகளைத்தான்.

நிரலையும் அதன் துணை நிரல்களையும் ஒன்றாகக் கட்டி அடைத்த பொதிக்கும் கன்டெய்னர் என்றே பெயர் வைத்தார்கள். 2013 மார்ச்சில் அறிமுகமான டாக்கர் என்னும் கருவி இந்த முறையைப் பரவலாக்கியது. இந்தப் பெட்டிக்கு இரும்புச் சுவர் இல்லை. லினக்ஸ் இயக்க அமைப்பின் கருவான கெர்னல்தான் சுவர் எழுப்புகிறது. ஒரு பெட்டிக்குள் இருக்கும் நிரலின் கண்ணுக்கு மற்றப் பெட்டிகளின் நிரல்களும் கோப்புகளும் தெரியாதபடி மறைக்கிறது. இவ்வளவுதான் நினைவகம், இவ்வளவுதான் கணக்கிடும் நேரம் என்று அளந்தும் கொடுக்கிறது. அளந்த நினைவகத்தை மீறும் நிரலை இரக்கமின்றி நிறுத்திவிடும். எல்லாப் பெட்டிகளும் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்வதால் ஒரு பெட்டி சில வினாடிகளில், பல சமயம் அதற்கும் குறைவான நேரத்தில், ஓடத் தொடங்கிவிடும்.

எந்தப் பெட்டி எந்தச் சர்வருக்கு?

பெட்டிகள் தயார். இனி எதை எங்கே வைப்பது? ஒரு நிரல் 4 ஜிகாபைட் நினைவகம் கேட்கிறது என்க. முதல் சர்வரில் 6, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 10 ஜிகாபைட் காலியாக உள்ளன. குபர்நெட்டீஸ் முதலில் இடம் போதாத இரண்டாவது சர்வரை நீக்கும். எஞ்சியவற்றுக்கு மதிப்பெண் போடும். மற்ற நிலைமைகள் சமமானால், பளு குறைந்த மூன்றாவதே பொதுவாக வெற்றி பெறும். எங்குமே இடமில்லை என்றால் பெட்டி காத்திருக்கும். இல்லாத நினைவகத்தை எந்த மேலாளராலும் உண்டாக்க முடியாது!

சொல்ல வேண்டியது எதை?

இனிதான் முக்கியமான செய்தி. சாதாரணமாகக் கணிப்பொறிக்கு நாம் ஆணைகள் இடுகிறோம்: இதைச் செய், பிறகு அதைச் செய் என்று. குபர்நெட்டீஸிடம் அப்படிச் சொல்வதில்லை. "இந்த நிரலுக்கு எப்போதும் 8 பிரதிகள் ஓட வேண்டும்" என்று முடிவை மட்டும் அறிவிக்கிறோம். அது ஓயாமல் மூன்று காரியங்களைச் செய்கிறது: இப்போது எத்தனை ஓடுகின்றன என்று பார்க்கிறது, அறிவித்த எண்ணுடன் ஒப்பிடுகிறது, வேறுபாட்டைக் குறைக்க ஏதாவது செய்கிறது. பிறகு மீண்டும் பார்க்கிறது.

உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி இதைத்தான் செய்கிறது அல்லவா? 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் பொருத்திய சுழலும் குண்டுகளும் இதையே செய்தன. வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து உயர்ந்து நீராவி வரும் வழியைக் குறுக்கும். வேகம் குறைந்தால் தாழ்ந்து திறக்கும். அந்த அமைப்புக்குக் கவர்னர் என்று பெயர். இந்தச் சொல் லத்தீன் வழியாகக் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கிரேக்க மூலச் சொல்லுக்குப் பொருள், கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர். குபர்நெட்டீஸ் என்பதும் அதே கிரேக்கச் சொல்தான்! பெட்டிகளை ஏற்றிய கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருத்தமாகவே பெயரிட்டிருக்கிறார்கள். அதன் சின்னமும் ஏழு ஆரக்கால்கள் கொண்ட ஒரு சுக்கான் சக்கரம்தான்.

சரி, 4 சர்வர்களில் இரண்டிரண்டாக 8 பிரதிகள் ஓடுகின்றன. திடீரென்று ஒன்று நின்றுவிட்டது. ஒவ்வொரு சர்வரும் "நான் இருக்கிறேன்" என்று தலைமைக்கு இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். இப்போது அந்தக் குரல் வரவில்லை. ஒரு நிமிடத்திற்குள் அது 'தயாரில்லை' என்று குறிக்கப்படும். புதிய கேள்விகள் எஞ்சிய 6 பிரதிகளுக்கே போகும். ஆனால் புதிய பிரதிகளை உடனே தொடங்குவதில்லை. வேறு விதமாக நாம் சொல்லாதவரை 5 நிமிடம் பொறுக்கிறது.

ஏன் இந்தத் தயக்கம்? குரல் வரவில்லை என்றால் சர்வர் இறந்துவிட்டது என்று பொருளா? இடையில் உள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாமே! இந்த இரண்டையும் தொலைவிலிருந்து பிரித்தறிய வழியில்லை. இணையப் பக்கத்தைக் காட்டும் நிரலானால் கவலையில்லை. இரண்டு கூடுதலாக ஓடினால் என்ன கெட்டுவிடும்? தகவல்களைச் சேமித்து வைக்கும் நிரல் அப்படியல்ல. இறந்ததாக எண்ணிய பிரதி உயிரோடிருந்து, புதிய பிரதியும் எழுந்து, இரண்டும் ஒரே கணக்கில் எழுதினால் கணக்கே பாழாகும். ஆகவே அத்தகைய நிரல்களுக்கென்று தனி வகை உண்டு. பழைய பிரதி ஒழிந்தது உறுதியாகும்வரை அதற்கு மாற்று எழாது. சேவை சிறிது நேரம் நின்றாலும் தகவல் கெடக்கூடாது என்பது அதன் கொள்கை. சரியான கொள்கை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தலைமைக் கணிப்பொறியே நின்றுவிட்டால்? அறிவித்த எண்களும் நிலவரமும் எட்சிடி என்னும் ஏட்டில் எழுதப்படுகின்றன. இந்த ஏட்டைப் பெரும்பாலும் 3 அல்லது 5 கணிப்பொறிகளில் வைப்பார்கள். பாதிக்கு மேற்பட்டவை ஒப்புக்கொண்டால்தான் எழுத்து செல்லும். மூன்றில் இரண்டு வேண்டும். எனவே ஒன்று பழுதானாலும் தாங்கும். ஐந்தில் மூன்று வேண்டும், இரண்டு பழுதாகலாம். நான்கு வைத்தால்? கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் தாங்காது! நான்காவது கணிப்பொறிக்குச் செலவழித்தது வீண்.

நெரிசலுக்கும் ஒரு சூத்திரம் உண்டு. இப்போதுள்ள பிரதிகளின் எண்ணிக்கையை இப்போதைய பளுவால் பெருக்கி, விரும்பும் பளுவால் வகுக்க வேண்டும். 8 பிரதிகள் 90 விழுக்காடு பளுவுடன் திணறுகின்றன. நாம் விரும்புவது 60. ஆகவே 8 × 90 ÷ 60 = 12 பிரதிகள் வேண்டும். பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்குவார்கள்.

நிரலின் புதிய பதிப்பையும் இப்படியே சிறிது சிறிதாகப் புகுத்தலாம். நாம் மாற்றாத வரையில், எட்டில் இரண்டு மட்டுமே ஒரே வேளையில் குறையலாம். புதியவை 'நான் தயார்' என்று சொன்னால்தான் மேலும் பழையவை நீங்கும். புதிய பதிப்பு எழவே தவறினால் மாற்றம் அங்கேயே நிற்கும். பழைய பிரதிகளில் குறைந்தது ஆறு வேலையைத் தொடரும். ஆனால் ஓர் எச்சரிக்கை. 8 என்று எழுத வேண்டிய இடத்தில் யாராவது 0 என்று எழுதிவிட்டால், குபர்நெட்டீஸ் அதையும் சிரத்தையுடன் நிறைவேற்றிவிடும்!

கூகுள் நிறுவனம் தன் சொந்த உபயோகத்துக்காகப் போர்க் என்னும் மேலாண்மை நிரலைப் பல ஆண்டுகள் ஓட்டிவந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு ஜோ பெடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரேக் மெக்லக்கி ஆகியோர் தொடங்கியதே குபர்நெட்டீஸ். 2014 ஜூனில் அறிவித்தார்கள்; 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பு வந்தது. மூல நிரல் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பயன்படுத்தலாம்.

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் 2 கணக்கிடும் உள்ளகங்களும், 2 ஜிகாபைட் காலி நினைவகமும், 20 ஜிகாபைட் காலி வட்டிடமும் இருந்தால், மினிகியூப் என்னும் சிறு வடிவத்தை ஆசிரியர் உதவியுடன் நிறுவலாம். ஒரு நிரலுக்கு 3 பிரதிகள் என்று அறிவியுங்கள். பட்டியலைக் கேட்டு மூன்றின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றை வேண்டுமென்றே அழித்துவிட்டு உடனே மீண்டும் பட்டியலைக் கேளுங்கள். மூன்று இருக்கும். பெயர்களின் கடைசி எழுத்துகளை ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் அவை மாறியிருக்கும். அழிந்தது அழிந்ததுதான், அங்கே நிற்பது புதியது.