எழுத்துச் சண்டைக்குப் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு

ஆளுக்கொரு பாத்திரம், முறைவைத்து ஆளுக்கொரு பதிவு, கடைசியில் நடுவர் தீர்ப்பு. இணையத்தில் நடக்கும் எழுத்துச் சண்டைப் போட்டி இவ்வளவுதான். ஆனாலும் முதல் சுற்றிலேயே மனஸ்தாபத்தில் முடிந்த ஆட்டங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவற்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

1. அடிப்பது உங்கள் கையில், அடி பட்டதா என்பது எதிராளியின் கையில். தலையாய விதி இது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லிவிடும். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'மட்' ஆட்டத்தில் கணினி சொல்லிவிடும். நம் ஆட்டத்தில் இரண்டும் கிடையாது. எதிரே எழுதுபவரின் நேர்மையை நம்பித்தான் இறங்குகிறோம். "மாறன் வாளை வீசினான், சேந்தனின் இடது தோள் பிளந்தது" என்று நீங்களே எழுதிவிட்டால் சேந்தனை எழுதுபவருக்கு என்ன வேலை? இதைத்தான் 'காட்மாடிங்' என்கிறார்கள். நல்ல நடுவர் இதற்குத் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறைப்பார். மாறாக, "சேந்தனின் இடது தோளைக் குறிவைத்து மாறன் வாளை இறக்கினான். வீசிய வேகத்தில் அவனுடைய வலது விலா ஒரு கணம் காவலின்றிக் கிடந்தது" என்று எழுதி நிறுத்துங்கள். சேந்தன் வெட்டுப்படலாம், விலகலாம், அந்த விலாவில் குத்தலாம். எதிராளிக்கு வழிவிடும் பதிவுதான் நல்ல பதிவு.

2. அடி வாங்குங்கள். வருகிற வீச்சையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பவரோடு யாரும் மறுபடி ஆட வரமாட்டார்கள். குறி சரியாக இருக்கிறது, உங்கள் பாத்திரம் களைத்திருக்கிறது, தப்ப வழியில்லை என்றால் ரத்தம் சிந்தட்டும். பட்ட காயத்தை அடுத்த பதிவில் மறந்துவிடாதீர்கள். முழங்கால் உடைந்தவன் இரண்டு சுற்று கழித்து மதில் தாண்டினால் அது சண்டையே அல்ல. கம்பனின் கும்பகருணனைப் படியுங்கள். சுக்கிரீவன் அவன் மூக்கையும் காதையும் பறித்துக்கொண்டு போய்விடுகிறான். அந்தக் காயம் அந்த இடத்தோடு முடிவதில்லை. மூளியான முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, தலையை அறுத்துக் கடலுக்குள் தள்ளிவிடு என்று இராமனிடமே அவன் கேட்கிற வரைக்கும் தொடர்ந்து வருகிறது. தோற்றவன் அவன்தான். ஆனால் யுத்த காண்டத்தில் நம் மனசை விட்டுப் போகாதவனும் அவன்தான்.

3. பாத்திரக் குறிப்பில் பலவீனத்தை முதலில் எழுதுங்கள். 'கொஞ்சம் கோபக்காரன்' என்பதெல்லாம் பலவீனத்தில் சேராது. இருட்டில் கண் தெரியாது, மந்திரம் சொல்ல இரண்டு கையும் வேண்டும் என்பது போல எதிராளி பிடித்துக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். குறிப்பில் இல்லாத சக்தி நடுச்சண்டையில் முளைக்கக் கூடாது.

4. நீங்கள் படித்ததெல்லாம் உங்கள் பாத்திரத்துக்குத் தெரியாது. "அவள் இடுப்பில் விஷக் கத்தியை மறைத்திருந்தாள்" என்று எதிராளி எழுதியிருப்பார். படித்தது நீங்கள்தான், உங்கள் வீரன் எதையும் பார்க்கவில்லை. அவன் சுதாரிக்க வேண்டுமென்றால் அவள் கை இடுப்புக்குப் போவதை முதலில் அவன் பார்க்கட்டும். அவள் கை அசையவே இல்லையென்றால், குத்து விழும் வரை அவனுக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு பதிவுக்கு ஒரு தாக்குதல் போதும். ஐந்து வீச்சை அடுக்கினால் பதில் எழுதுபவர் பேரேட்டைச் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

6. எதிராளி களத்தில் மழையைக் கொண்டுவந்தால், உங்கள் பதிவில் தரை வழுக்க வேண்டும்.

7. சந்தேகமோ வருத்தமோ வந்தால் கதைக்கு வெளியே, தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். தீராவிட்டால் நடுவரிடம் போங்கள். எதிராளி மேல் இருக்கும் எரிச்சலைப் பாத்திரத்தின் வாயில் ஏற்றித் திட்டுவது மிகக் கேவலமான பழக்கம். கொடூரத்தை எந்த அளவுக்கு எழுதலாம் என்பதைத் தொடங்கும் முன்பே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். திரைக்கு அப்பால் இருப்பவரின் வயதும் மனநிலையும் உங்களுக்குத் தெரியாது. பரீட்சை, காய்ச்சல் என்று தாமதமானால் கெடு முடிவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

8. தீர்ப்பு வந்ததும் எதிராளியின் பதிவுகளில் உங்களுக்குப் பிடித்த வரி எது என்று அவருக்கே எழுதுங்கள். ஜெயித்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

போட்டி தொடங்க இன்னும் நாள் இருக்குமானால், இன்றைக்கே ஒரு சிநேகிதரோடு உட்கார்ந்து ஆளுக்கு மூன்று பதிவு எழுதிப் பாருங்கள். அதில் ஒன்றிலாவது உங்கள் பாத்திரம் அடி வாங்கட்டும்.